அரிஸ்டாட்டிலின் நிக்கோமாக்கியன் எதிக்ஸ்: எந்த ஆங்கிலப் பதிப்பை வாங்கலாம்?

நற்பண்பு, குணம், நல்வாழ்வு ஆகியவற்றைப் பற்றிப் பண்டைய கிரேக்கர்கள் யோசித்ததை மூலநூலிலிருந்தே படிக்க நினைப்பவர் முதலில் எடுக்க வேண்டிய நூல் நிக்கோமாக்கியன் எதிக்ஸ். ஆங்கிலத்தில் பல மொழிபெயர்ப்புகள் கிடைக்கின்றன. ஒன்றே ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால், டெரன்ஸ் இர்வின் மொழிபெயர்த்து ஹாக்கெட் பதிப்பகம் 2019-இல் வெளியிட்ட மூன்றாம் பதிப்பை வாங்குங்கள். அவ்வளவு செலவு வேண்டாம் என்பவருக்கு ஆக்ஸ்ஃபோர்டு வேர்ல்ட்ஸ் கிளாசிக்ஸ் வரிசையில் வந்திருக்கும் டேவிட் ராஸ் மொழிபெயர்ப்பு போதும். ஆனால் லெஸ்லி பிரவுன் திருத்திய 2009-ஆம் ஆண்டுப் பதிப்பாகப் பார்த்து வாங்க வேண்டும்.

ஆங்கில நடை அழகாக இருக்கிறதா என்று பார்த்து இந்த நூலை வாங்குபவர்கள்தான் பாதியில் மூடி வைக்கிறார்கள். இது வாசகருக்காக மெருகேற்றி எழுதப்பட்ட நூல் அல்ல. ஏதென்ஸில் லைசியம் பள்ளியில் நடந்த பாடங்களுக்கான குறிப்புகளின் தொகுப்பு என்றே அறிஞர்கள் பெரும்பாலும் கருதுகிறார்கள். இரண்டு வரிக்குள் ஐந்து படி வாதம் அடங்கியிருக்கும். நடுவில் ஒரு படி சொல்லாமலே விடப்பட்டிருக்கும். ஒரு சொல் நான்காம் பகுதியில் ஒரு பொருளிலும் ஆறாம் பகுதியில் இன்னும் கூர்மையான பொருளிலும் வரும். இந்த இடைவெளிகளைக் குறிப்புகள், இடைத்தலைப்புகள், கலைச்சொல் விளக்கம் ஆகியவற்றால் ஒரு பதிப்பு எப்படி நிரப்புகிறது என்பதே அதன் தரம்.

வாங்கும் முன் சோதிக்க வேண்டியவை சில உண்டு. பக்க ஓரத்தில் 1094a, 1103b15 என்பது போன்ற எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 1831-இல் பெர்லினில் வெளிவந்த, பெக்கர் பதிப்பித்த அரிஸ்டாட்டில் நூல்களின் பக்கம், நிரல் (a, b), வரி எண்கள் அவை. உலகில் யார் அரிஸ்டாட்டிலை மேற்கோள் காட்டினாலும் இந்த எண்ணைத்தான் தருவார்கள். நிக்கோமாக்கியன் எதிக்ஸ் 1094a-இல் தொடங்கி 1181b-இல் முடிகிறது. அத்தியாய எண்ணை நம்பிப் பயனில்லை. பத்துப் பகுதிகள் எல்லாப் பதிப்பிலும் ஒன்றுதான் என்றாலும், அவற்றுக்குள் அத்தியாயம் பிரிப்பதில் இரண்டு முறைகள் புழங்குகின்றன. ஒரு கட்டுரையைப் பார்த்து உங்கள் பிரதியில் அந்த அத்தியாயத்தைத் திருப்பினால் வேறு ஏதோ இருக்கும். பெக்கர் எண் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்து, மொழிபெயர்ப்பாளர் பெயர். இணையக் கடைகளில் மிகக் குறைந்த விலைக்கு விற்கும் மறுபதிப்புகள் பலவற்றில் மொழிபெயர்த்தவர் யார் என்றே இருக்காது. காப்புரிமை முடிந்த பழைய மொழிபெயர்ப்பை ஸ்கேன் செய்து அப்படியே அச்சடித்திருப்பார்கள். ஓர எண் இல்லை, குறிப்பு இல்லை, சில இடங்களில் எழுத்துகளே சிதைந்திருக்கும். கிரேக்கப் பெயர்களும் அடிக்குறிப்பு எண்களும் வாக்கியத்துக்கு நடுவே ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. அட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைத் தொட வேண்டாம். மின்னூல் வாங்குபவர் மாதிரிப் பக்கங்களை இறக்கி, பெக்கர் எண்கள் எங்கே நிற்கின்றன என்று பார்ப்பது நல்லது. சிலவற்றில் ஓரத்தில் இருக்க வேண்டியவை வரிக்குள் வந்து வாசிப்பைக் கெடுக்கும்.

இந்த இரண்டும் சரி என்றால் மூன்று இடங்களைத் திருப்பிப் பாருங்கள்.

முதல் இடம் 1097b22 முதல் 1098a20 வரை. மனிதனுக்கே உரிய பணி எது என்ற வாதம் அங்கே வருகிறது. குழலூதுபவருக்கும் சிற்பிக்கும் ஒரு பணி உண்டு, அவர்களுடைய நன்மை அந்தப் பணியில் இருக்கிறது. அப்படியானால் மனிதன் என்ற அளவில் நமக்கு ஒரு பணி கிடையாதா? உண்டு வளர்வது செடிக்கும் பொது. புலனுணர்வு குதிரைக்கும் மாட்டுக்கும் பொது. மிஞ்சுவது அறிவோடு இயங்கும் வாழ்வு. யாழ் வாசிப்பவரின் பணியும் நன்றாக வாசிப்பவரின் பணியும் ஒரே பணிதான், சிறப்பு ஒன்றே கூடுதல். ஆக, மனித நன்மை என்பது நற்பண்புக்கு ஏற்ப உயிர் செயல்படுவது. நற்பண்புகள் பல என்றால் அவற்றில் சிறந்ததும் மிக நிறைவானதுமான ஒன்றுக்கு ஏற்ப. அதுவும் ஒரு முழு வாழ்நாள் அளவில். ஒரு தகைவிலான் குருவி வந்துவிட்டதால் வசந்தம் வந்துவிடாது என்பது இங்கே வரும் வரி. இத்தனை படிகளும் தனித்தனியாகக் கண்ணுக்குப் படுகிற மாதிரி அச்சிட்டிருக்கிறார்களா? ‘மிக நிறைவானது’ என்ற அந்தச் சொல்லுக்குக் குறிப்பு இருக்கிறதா? பத்தாம் பகுதியில் எழும் பெரிய சிக்கலின் வேர் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. அதைக் கண்டுகொள்ளாத குறிப்பு பயன்படாது.

இரண்டாவது இடம் 1106b36. நற்பண்பின் வரையறை. ராஸின் 1925-ஆம் ஆண்டு மூலத்தில், மிகைக்கும் குறைக்கும் இடைப்பட்ட நடுநிலையைத் தீர்மானிப்பது ‘ரேஷனல் பிரின்சிபிள்’ என்றிருக்கும். திருத்திய பதிப்பில் அது ‘ரீசன்’ ஆகிவிட்டது. பார்வைக்குச் சிறிய மாற்றம், ஆனால் விளைவு பெரியது. பழையதைப் படிப்பவர், அரிஸ்டாட்டில் எங்கோ ஒரு விதியை வகுத்து வைத்திருக்கிறார், அதைப் பொருத்திப் பார்த்தால் விடை வந்துவிடும் என்று எண்ணிக்கொள்வார். அவர் சொல்வதோ, நடைமுறை அறிவுள்ள ஒருவர் அந்தச் சூழலில் எப்படித் தீர்மானிப்பாரோ அப்படி என்பதுதான். பழைய ராஸா, திருத்திய ராஸா என்று இந்த ஒரு வரியை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

மூன்றாவது இடம் 1147a. செய்யக் கூடாது என்று தெரிந்தும் செய்கிறானே, அது எப்படி என்ற கேள்வி. குடித்தவன் தத்துவக் கவிஞர் எம்பெடோக்ளிஸின் வரிகளை ஒப்பிப்பது போல, ஆசையில் சிக்கியவன் சரியான சொற்களைச் சொல்லிக்கொண்டே தவறுகிறான் என்று அரிஸ்டாட்டில் சொல்லும் பகுதி. நூலிலேயே மிகக் கடினமான பக்கங்களில் இது ஒன்று. இதற்கு ஒரே ஒரு வரிக் குறிப்போடு நிறுத்திக்கொள்ளும் பதிப்பு முதல் வாசிப்புக்குப் போதும். பாடமாகப் படிக்கப் போதாது.

இனி, இர்வின் ஏன்? முதலில் 1985-இலும் பிறகு 1999-இலும் வந்த பதிப்புகளைத் தொடர்ந்து திருத்தி வளர்த்தது இது. ஒவ்வோர் அத்தியாயத்தையும் எண்ணிட்ட சிறு பத்திகளாகப் பிரித்திருக்கிறார். மேலே சொன்ன பணி வாதத்தைப் போன்ற இடங்களில் எந்தப் படியில் நிற்கிறோம் என்று விரல் வைத்துக் காட்ட முடியும். பின்னால் உள்ள குறிப்புகள் அத்தியாயம் அத்தியாயமாக வாதத்தின் போக்கைச் சொல்கின்றன. கலைச்சொல் பகுதி வெறும் அகராதி அல்ல. ஒவ்வொரு சொல்லும் எங்கெங்கே எந்தப் பொருளில் வருகிறது என்று பெக்கர் எண்ணோடு விளக்கும் சிறு கட்டுரைகள் அதில் இருக்கின்றன. ஒரு கிரேக்கச் சொல்லுக்கு முடிந்தவரை ஒரே ஆங்கிலச் சொல்லைப் பிடித்துக்கொள்கிறார். கிரேக்கம் தெரியாத வாசகருக்கு இது பெரிய உதவி. மூன்றாம் பகுதியில் வீரன் எதற்காக அஞ்சாமல் நிற்கிறான் என்று சொல்லும் அதே சொல்தான் நான்காம் பகுதியில் ஈகைக்கும் வருகிறது என்பதை அவர் பதிப்பில் கண்ணாலேயே தொடரலாம்.

குறையும் உண்டு. நடை விறைப்பானது. உரக்கப் படித்தால் தடுக்கும். நடைமுறை அறிவுக்கு அவர் ‘ப்ரூடன்ஸ்’ என்கிறார். இன்றைய ஆங்கிலத்தில் அது எச்சரிக்கையோடு காசைக் காப்பவரின் குணத்தை நினைவூட்டும். ராஸ் சொல்லும் ‘பிராக்டிகல் விஸ்டம்’ இந்த இடத்தில் மேல். ஆசைக்கு அடங்கிப்போகும் நிலைக்கு இருவருமே ‘இன்கான்டினென்ஸ்’ என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள். ஆங்கில அகராதியைப் பார்த்தால் மருத்துவப் பொருள்தான் முதலில் கிடைக்கும். தன்னடக்கமின்மை என்று மனத்தில் மாற்றிக்கொண்டு படியுங்கள். ‘ஹேப்பினெஸ்’ என்று வரும் இடமெல்லாம் நல்வாழ்வு என்று கொள்ளுங்கள். குழந்தையை அப்படிச் சொல்ல முடியாது என்று 1100a-இல் அரிஸ்டாட்டிலே சொல்கிறார். மகிழ்ச்சி என்று வைத்துக்கொண்டால் அந்த வரி அபத்தமாகத் தோன்றும். இர்வினின் குறிப்புகள் பின்னால் இருப்பதால் இரண்டு அடையாளத் தாள் தேவைப்படும்.

ராஸ்–பிரவுன் பதிப்பின் பலம் ஓட்டம். ஒரு பகுதியை ஒரே மூச்சில் படித்துவிட முடியும். பிரவுனின் அறிமுகவுரை தெளிவானது. நட்சத்திரக் குறி உள்ள இடங்களுக்கெல்லாம் பின்னால் குறிப்பு உண்டு. ஆனால் அவை சுருக்கமானவை. 1147a-இல் இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாமே என்று ஏங்க வைக்கும்.

பெங்குவினில் நெடுங்காலம் விற்ற தாம்சன் மொழிபெயர்ப்பு 1953-இல் வந்தது. 1976-இல் ட்ரெடெனிக் அதைத் திருத்தினார், ஜோனதன் பார்ன்ஸ் முன்னுரை எழுதினார். பழைய புத்தகக் கடைகளில் தேடுபவர் கையில் அகப்பட வாய்ப்புள்ள பதிப்பு இது. நடை இனிமையானது. ஆனால் இடையிடையே செருகியிருக்கும் தலைப்புகள் மொழிபெயர்ப்பாளருடையவை. அவற்றை அரிஸ்டாட்டிலின் வாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. இதில் நற்பண்புகளின் அட்டவணை ஒன்று உண்டு. இணையத்தில் சுற்றிவரும் மிகை, நடுநிலை, குறை என்ற பட்டியல்களில் பலவற்றுக்கு மூலம் அதுதான். கைக்கு வசதியானது, அதே அளவுக்கு ஆபத்தானது. தைரியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் கோழைத்தனம், தைரியம், முரட்டுத் துணிச்சல் என்று மூன்றே கட்டம். 1107b-இல் அரிஸ்டாட்டில் அச்சம், தன்னம்பிக்கை என்று இரண்டு உணர்ச்சிகளைத் தனித்தனியாக அளக்கிறார். அச்சமே இல்லாதவனுக்குப் பெயர் கிடையாது என்கிறார். தன்னம்பிக்கை மிஞ்சியவன் வேறு ஆள். பெயரில்லாத அந்த மனிதர் அட்டவணையில் காணாமல் போய்விடுகிறார். அரிஸ்டாட்டிலும் ஒரு வரைபடத்தைப் பார்த்தபடிதான் இந்தப் பகுதியைச் சொல்கிறார். அதை நீங்களே வரைவது நல்லது. இரண்டாம் பகுதியின் ஏழாம் அத்தியாயத்தைப் படித்துக்கொண்டே நான்கு நிரல் போடுங்கள்: எதைப் பற்றிய உணர்ச்சி அல்லது செயல், குறை, நடு, மிகை. பெயர் இல்லாத கட்டங்களைக் காலியாகவே விடுங்கள். பண விஷயத்தில் சிறு தொகைக்கும் பெருந்தொகைக்கும் தனித்தனி வரி வேண்டும். சிறு மரியாதைக்கும் பெரு மரியாதைக்கும் அப்படியே.

நடுநிலைக் கொள்கையில்தான் வாசகர்கள் அதிகமாகச் சறுக்குகிறார்கள். அதனால் ஒரு பதிப்பின் குறிப்புகளை மதிப்பிடவும் இதுவே நல்ல இடம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதைத்தான் இவரும் சொல்கிறார் என்று முடித்துவிடுவது எளிது. அது அவர் சொன்னதில் ஒரு சிறு பகுதிதான். பத்து மினா உணவு அதிகம், இரண்டு மினா குறைவு என்றால், பயிற்சியாளர் கணக்குப் போட்டு ஆறு மினா கொடுக்க மாட்டார். மல்லன் மைலோவுக்கு ஆறு போதாது, புதிதாகப் பயிற்சிக்கு வந்தவனுக்கு அதுவே அதிகம். மினா என்பது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை. நல்ல குறிப்பில் இந்தத் தகவல் இருக்கும். கோபத்தைப் பற்றி 1125b-இல் சொல்வதைச் சேர்த்துப் படித்தால் இன்னும் விளங்கும். கோபப்பட வேண்டிய விஷயத்துக்கு, கோபப்பட வேண்டிய ஆளிடம், வேண்டிய விதத்தில், வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவு நேரம் கோபப்படுபவரையே அவர் பாராட்டுகிறார். எப்போதும் மிதமாகக் கோபப்படு என்று அவர் எங்கும் சொல்லவில்லை. கொலை, திருட்டு, பிறன்மனை நாடுதல் ஆகியவற்றுக்கு நடுநிலையே கிடையாது என்று 1107a-இல் கதவை அடைத்தும் விடுகிறார். இந்த மூன்று இடங்களையும் ஒன்றோடொன்று இணைத்துக் காட்டும் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

குறிப்புகளின் நேர்மையைச் சோதிக்க இன்னொரு சின்ன இடமும் உண்டு. 1109a-இல், கப்பலை ஆபத்தான பக்கத்திலிருந்து விலக்கிச் செலுத்து என்னும் ஹோமரின் வரி ஒன்றை, கலிப்சோ என்ற தேவதை சொன்னதாக அரிஸ்டாட்டில் தருகிறார். ஹோமரின் ஒடிசி காவியத்தில் அந்த யோசனை சர்சி என்ற சூனியக்காரி சொன்னது. வரியோ ஒடிசியஸ் தன் மாலுமியிடம் பேசுவது. நினைவிலிருந்து சொல்லும்போது ஏற்பட்ட பிசகாக இருக்கலாம். அதைச் சுட்டிக்காட்டும் பதிப்பாளர் மற்ற இடங்களிலும் வரி வரியாகப் பார்த்திருப்பார் என்று நம்பலாம். அதை அடுத்து வரும் பகுதி நடைமுறைக்கு மிக நெருக்கமானது: எந்தப் பக்கம் சாய்கிறோம் என்று பார்த்து எதிர்ப்பக்கம் நம்மை இழு, வளைந்த மரத்தை நிமிர்த்துபவர்கள் செய்வது போல.

இரண்டாவது நூலாக வாங்கத் தகுந்தது கிறிஸ்டோபர் ரோ மொழிபெயர்த்து சாரா பிராடி நீண்ட உரை எழுதிய 2002-ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பு. பிராடியின் உரை பெக்கர் எண் வாரியாகச் செல்கிறது. இர்வின் முடிவாகச் சொல்லும் இடங்களில் இவர் மாற்று விளக்கங்களைத் திறந்து வைக்கிறார். மொழிபெயர்ப்பில் நற்பண்பு ‘எக்ஸலென்ஸ்’ ஆகிவிடுவதால் முதலில் கொஞ்சம் அந்நியமாகத் தோன்றும். ரீவ் 2014-இல் ஹாக்கெட்டுக்குச் செய்ததில் குறிப்புகள் ஏராளம். அரிஸ்டாட்டிலின் பிற நூல்களிலிருந்து இணையான பகுதிகளை எடுத்துக் கொடுக்கிறார். ஆய்வு எழுதுபவருக்குப் புதையல், புதிய வாசகருக்குச் சுமை. பார்ட்லெட்–காலின்ஸ் பதிப்பு (சிகாகோ, 2011) சொல்லுக்குச் சொல் நெருக்கமானது. குறிப்புகள் அந்தந்தப் பக்கத்தின் அடியிலேயே இருப்பது பெரிய வசதி. ராஜர் கிறிஸ்பின் கேம்பிரிட்ஜ் பதிப்பு எளிமையானது, மெலிதானது, குறிப்பு குறைவு.

கிரேக்கம் கற்பவருக்கு ராக்கம் மொழிபெயர்த்த லோயப் பதிப்பு. இடப்பக்கம் கிரேக்கம், வலப்பக்கம் ஆங்கிலம், பச்சை அட்டை. 1926-இல் முதலில் வந்த ஆங்கிலம் என்பதால் பழமை வாடை வீசும். மூலத்தில் இல்லாத விளக்கச் சொற்களையும் ராக்கம் தாராளமாகச் சேர்ப்பார். இதே மொழிபெயர்ப்பும் பைவாட்டர் பதிப்பித்த கிரேக்க மூலமும் பெர்சியஸ் இணைய நூலகத்தில் பெக்கர் எண்ணோடு இலவசமாகக் கிடைக்கின்றன. எம்ஐடியின் கிளாசிக்ஸ் தளத்தில் இருப்பது ராஸின் பழைய மொழிபெயர்ப்பு, பெக்கர் எண் இல்லாதது. இலவசம் என்றால் பெர்சியஸே மேல். ஸ்டான்ஃபோர்டு தத்துவக் கலைக்களஞ்சியத்தில் ரிச்சர்ட் கிரவுட் எழுதிய அரிஸ்டாட்டிலின் அறவியல் பற்றிய கட்டுரையைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டால், சுருக்கமான குறிப்புள்ள பதிப்பையும் சமாளித்துவிடலாம்.

எதை வாங்கினாலும் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே சீராகப் படிக்க முயல வேண்டாம். ஐந்தாம் பகுதியில், நீதியின் விகிதக் கணக்கில், பலர் நின்றுவிடுகிறார்கள். முதல் பகுதியும் இரண்டாம் பகுதியும் முழுதாக. மூன்றாம் பகுதியில் புயலில் சரக்கைக் கடலில் எறியும் கப்பல்காரரின் உதாரணம் வரும் தொடக்கத்திலிருந்து தைரியம் பற்றிய பகுதி முடியும் வரை. பிறகு நேராக ஆறாம் பகுதிக்கு. நடைமுறை அறிவு இல்லாமல் முழுமையான நற்பண்பு இல்லை, நற்பண்பு இல்லாமல் நடைமுறை அறிவும் இல்லை என்ற முடிச்சு அதன் கடைசி இரண்டு அத்தியாயங்களில் இருக்கிறது. இதைப் பிடிக்காமல் இரண்டாம் பகுதியின் வரையறை விளங்காது. அடுத்து ஏழாம் பகுதியின் தொடக்கம். எட்டும் ஒன்பதும் நட்பைப் பற்றியவை. நூலில் ஐந்தில் ஒரு பங்கு நட்புக்குத்தான், அவசரப்படாமல் படியுங்கள். ஐந்தாம் பகுதியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

பத்தாம் பகுதி அதிர்ச்சி தரும். இதுவரை தைரியம், ஈகை, நீதி என்று வந்தவர், திடீரென்று மெய்ப்பொருள் சிந்தனையே மிக உயர்ந்த நல்வாழ்வு என்கிறார். மற்ற நற்பண்புகளின் வாழ்வு இரண்டாம் இடத்துக்குப் போகிறது (1178a9). இது முதல் பகுதியோடு எப்படிப் பொருந்தும் என்பதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. அறிமுகவுரைகள் பலவும் ஒரு பக்கம் சாய்ந்து எழுதப்பட்டிருக்கலாம். அதனால் பத்தாம் பகுதியைப் படித்து முடிக்கும்வரை அறிமுகவுரையின் அந்தப் பக்கங்களைத் தள்ளிவைப்பது நல்லது. சிக்கலை முதலில் நீங்களே உணர வேண்டும்.

பழைய பிரதி வாங்குபவருக்கு: இர்வினின் 1999-ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பு குறைந்த விலையில் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். குறிப்புகள் புதியதில் இன்னும் விரிவாகியிருக்கின்றன, ஆனால் முதல் இரண்டு வாசிப்புக்குப் பழையதே தாங்கும். 1985-ஆம் ஆண்டுப் பதிப்பு வேண்டாம். முந்தைய வாசகர் பேனாவால் அடிக்கோடிட்டிருந்தாலும் பரவாயில்லை, ஆனால் கலைச்சொல் பக்கங்கள் பிய்ந்து போயிருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதிகம் புரட்டப்பட்டுக் கழன்றுவிடுவது அந்தக் கடைசிப் பகுதிதான்.